கரப்பு இல்லாத வீடுகள்

யாழ்ப்பாணத்துக்கு வல்லூறு எண்ணப் போகிறேன் என்று சொன்னதும் சுங்க அதிகாரி, மூடிய பெட்டியைத் திரும்பவும் திறக்கச் சொன்னார். தொலைநோக்கியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பி, அதன் வழியாக என்னையே ஒருமுறை பார்த்தார்.

"எண்ணி?" என்றார்.

"எண்ணி எழுதுவேன்."

"எழுதி?"

இந்தக் கேள்விக்கு ஆறு வருடமாக என் அம்மாவுக்கே என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதிகாரிக்கு மட்டும் என்னத்தைச் சொல்ல? முப்பத்து நாலு வயதுப் பெண், தனியாக, பெட்டி நிறைய நோட்டுப் புத்தகம். கொஞ்சம் கழன்ற கேஸ் என்று முடிவுகட்டி விட்டுவிட்டார்.

அது எண்பத்து மூன்றாம் ஆண்டு பங்குனி மாதம். அதே ஆண்டு ஆடியில் அந்த நாட்டில் தமிழர்களுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வது அதற்கு நாலு மாதம் முந்திய கதை. எட்டு நாள், மூன்று தீவு, ஒரு பறவை.

பறவையை முதலில் சொல்லிவிடுகிறேன். புறா அளவுதான் இருக்கும். சாம்பல் முதுகு, சிவந்த கண், மார்பில் செம்மண் நிறத்தில் குறுக்குக் கோடுகள். மரக் கூட்டங்களுக்குள் இலையோடு இலையாக உட்கார்ந்திருந்து ஓணானையும் சிட்டையும் அமுக்கும். வாய்த்தால் கோழிக்குஞ்சையும் தூக்கும். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, தாமிரபரணிக் கரைத் தோப்புகளில் ஆறு வருடம் இதன் கூடுகளை எண்ணியிருந்தேன். குறைந்தது போலவும் தெரிந்தது, குறையாதது போலவும் தெரிந்தது. ஒரு பறவை பெருகுகிறதா அருகுகிறதா என்று சொல்ல ஆறு வருடம் எந்த மூலைக்கு? பழைய எண்ணிக்கை ஒன்று வேண்டும்.

அது என் பேராசிரியரிடம் இருந்தது. இருபது வருடத்துக்கு முன், இளவட்டமாக இருந்த காலத்தில், யாழ்ப்பாணத் தீவுகளில் ஒரு மாதம் தங்கி எண்ணியிருந்தார். வேலணை, நெடுந்தீவு, நயினாதீவு மூன்றிலும் சேர்த்து நாற்பத்தொரு கூடுகள். இப்போது நான் போய் எண்ணி, அது குறைந்திருந்தால், வல்லூறு அழிந்துகொண்டிருக்கிறது என்று அவர் ஊர் ஊராகப் பேசிவந்ததற்கு ஆதாரம். எனக்கு முனைவர் பட்டம். பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நான் கிளம்புமுன்பே மனுஷர் வரைபடத் தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோட்டைப் பென்சிலால் போட்டு வைத்துவிட்டார். "கடைசிப் புள்ளியை மட்டும் நீ கொண்டு வா அம்மா" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் "சரி சார்" என்றேன்.

வேலணையில் எனக்குத் தங்க இடம் கொடுத்தவர் சிவபாக்கியம் அக்கா. எங்கள் கல்லூரி நூலகரின் தூரத்து உறவு. அவர் கணவருக்குக் கொழும்பில் கடை. வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்கு வருவார். மற்ற நாளெல்லாம் வீடு, புகையிலைத் தோட்டம், ஆடு, கோழி, எல்லாம் அக்காவின் ராஜ்யம். படலைக் கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரோ குருவி பிடிக்க வந்த பிள்ளை? வாரும், வாரும். முகமெல்லாம் வாடிப்போச்சு."

"பிடிக்க இல்லை அக்கா, எண்ண."

"எண்ணுறதெண்டாலும் சாப்பிட்டுப்போட்டு எண்ணலாம்தானே."

புட்டு, மீன் குழம்பு, சொதி. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்து. பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் தேங்காய்ப்பாலில் மிதக்கும், தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி இருக்கும், தின்றவர் எழுந்திருக்க இன்னொருவர் கைகொடுக்க வேண்டும். இங்கே அது தினப்படி காரியம். மஞ்சள் தண்ணீர் மாதிரி இருந்தது. இதுவா சொதி என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

அக்கா இடுப்பில் கைவைத்தார். "கலியாணத்துக்கு மட்டும் வைக்கிறது என்ன சொதி? நீர் இன்னும் கலியாணமும் கட்டேல்லை. அப்ப உமக்குச் சொதியே இல்லையோ?"

வாயை மூடிக்கொண்டு இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது.

அன்று மாலையே ஒரு சட்டமும் போட்டார். "பின் கிணத்தடிப் பக்கம் போகாதையும். புடையன் பாம்பு திரியுது. குளிக்கத் தண்ணி நான் முன்னுக்குக் கொண்டந்து தாறன்." பாம்புக்கு நான் பயப்படுகிறவள் இல்லை, ஆய்வகத்தில் பிடித்து விளையாடியவள். ஆனாலும் வந்த வீட்டில் வம்பு எதற்கு என்று அவர் சுமந்துவந்த வாளித் தண்ணீரில் குளித்தேன்.

மறுநாள் காலை வேலிக்கு அப்பால் ஒரு தலை முளைத்தது. பக்கத்து வளவு மகேஸ்வரி அக்கா. வீட்டையும் அதைச் சுற்றியுள்ள மரம் மட்டைகளையும் சேர்த்து வளவு என்பார்கள், ஒவ்வொரு வளவுக்கும் ஆளுயரத்துக்கு ஓலை வேலி. உள்ளே நிற்கிற வேம்பும் மாவும் இலுப்பையும் வெளியில் நிற்பவருக்கு உச்சிதான் தெரியும். அங்கே தோப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. மரமெல்லாம் வேலிக்குள், அதனால் வல்லூறும் வேலிக்குள். வீட்டுக்காரரைக் கேட்காமல் ஒரு கூட்டையும் பார்க்க வழியில்லை.

"வல்லூறு பாக்க வந்தனீராம்?" என்றார் மகேஸ்வரி அக்கா. "இஞ்சை வந்து பாரும் என்ரை கோலத்தை."

போய்ப் பார்த்தேன். பனையீர்க்கில் பின்னிய பெரிய கூடை ஒன்று முற்றத்தில் கவிழ்த்துக் கிடந்தது. அதற்குக் கரப்பு என்று பெயர். உள்ளே ஒரு கோழியும் அதன் குஞ்சுகளும் கத்திக்கொண்டிருந்தன.

"பகல் முழுக்க இதுக்குள்ளைதான். வெளியிலை விட்டனோ, முடிஞ்சுது. போன மாசம் மட்டும் ஏழு குஞ்சைக் கொண்டுபோட்டுது, பாழ்படுவான்." சொல்லிவிட்டு சிவபாக்கியம் அக்காவின் வளவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

அன்று முழுக்க வீடு வீடாகப் போனேன். "உங்கள் வளவில் வல்லூறு கூடு கட்டியிருக்கிறதா?" என்று கேட்டேன். எல்லா வீட்டிலும் கதிரை போட்டு உட்காரவைத்தார்கள். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "சீச்சீ, எங்கட வளவிலை இல்லை." பன்னிரண்டு தேத்தண்ணி குடித்து வயிறு கடகடத்தது. நோட்டில் பன்னிரண்டு சுழியம். விடியற்காலையில் மட்டும் நாலு திசையிலும் "டீ-டூ, டீ-டூ" என்று அதன் குரல் கேட்டது. குரலுக்கு வீட்டு இலக்கம் ஏது?

மூன்றாம் நாள் நெடுந்தீவுக்கு வள்ளம். மோட்டார் பொருத்திய பெரிய வள்ளம்தான், ஆனால் அன்று அதன் நடுவில் ஓர் அலுமாரி நின்றது. யாரோ கல்யாணப் பெண்ணுக்குப் போகிற சீதனம். ஆள் உயரக் கண்ணாடி பதித்தது. நாங்கள் முப்பது பேரும் ஆடுகளும் அதைச் சுற்றிச் சப்பணமிட்டு உட்கார்ந்தோம். பாதிக் கடலில் எஞ்சின் இருமிவிட்டு நின்றுபோனது. வள்ளம் பக்கவாட்டில் உருள, அலுமாரி கதவு திறந்து திறந்து மூட, ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் என் பச்சை முகம் வந்து வந்து போயிற்று. வாந்தி எடுக்கிற முகத்தை ஆள் உயரக் கண்ணாடியில் பார்த்த பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அரை மணி நேரம் கழித்து எஞ்சின் மனம் மாறியது. கரை நெருங்கியதும் பயணிகள் ஒவ்வொருவராக அலுமாரி முன்னால் போய்த் தலைவாரிக்கொண்டு இறங்கினார்கள். நானும் வாரிக்கொண்டேன், விடுவானேன்.

நெடுந்தீவில் வேலி ஓலை இல்லை, கடல் கல். பூச்சில்லாமல் கல்லின்மேல் கல் அடுக்கிய மதில்கள். அவற்றுக்கிடையே மட்டக் குதிரைகள் சொந்தக்காரர் இல்லாமல் திரிகின்றன. எங்கள் ஊர்த் தெருவில் மாடு நிற்பது போல அங்கே குதிரை நிற்கிறது, அதை விரட்டவும் யாரும் இல்லை. இரண்டு நாள் சுற்றினேன். "இஞ்சை இல்லைத் தங்கச்சி, உங்கை கிழக்குப் பக்கம் போய்க் கேட்டுப்பாரும்" என்றார்கள். கிழக்கில் மேற்கைக் காட்டினார்கள். மேற்கில் நண்டுக் குழம்போடு சோறு போட்டு, திரும்பவும் கிழக்கைக் காட்டினார்கள். எனக்கு வந்த கோபத்தை அந்த நண்டுக் குழம்பு ஒன்றுதான் அடக்கியது. இரண்டு நாளில் நான் கண்டது ஒரே ஒரு கூடு, அதுவும் காகத்தின் கூடு.

ஒரு பக்கம் எரிச்சல். இன்னொரு பக்கம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, மனசுக்குள் ஒரு குதூகலம். நாற்பத்தொன்றிலிருந்து ஒன்றுமில்லாமல் போயிருக்கிறது! பேராசிரியரின் கோடு சரிதான். பட்டம் கையில். பறவை செத்தால் எனக்குப் பதவி என்கிற கணக்கு அசிங்கமாக இருந்தாலும், அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் நயினாதீவு. அம்மன் கோயிலுக்கும் விகாரைக்கும் வந்த கூட்டம் ஒரே துறையில் இறங்கி இரண்டாகப் பிரிந்து நடந்தது. நான் கரையோரம் நின்று தொலைநோக்கியால் மரங்களைத் துழாவிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சேலை கட்டிய சிங்களப் பாட்டி ஒருவர் என் முழங்கையைத் தொட்டு ஏதோ கேட்டார். கூட வந்தவர் தமிழில் சொன்னார்: "இதிலே பார்த்தால் சாமி தெரியுமா என்று கேட்கிறா." சாமி தெரியாது, வல்லூறுகூடத் தெரியவில்லை என்றேன். அவர் அதையும் மொழிபெயர்த்தார். பாட்டி பெரிதாகச் சிரித்து, தன் பொதியிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை என் கையில் திணித்தார்.

கோயிலில் பூசை செய்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஐயர் ஒருவரைப் பார்க்கும்படி பேராசிரியர் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் தீவுகளில் அவருக்கு வழிகாட்டியாக நடந்தவராம். ஐம்பது வயது, ஒடிசலான தேகம், பேச்சில் நமுட்டுச் சிரிப்பு. மத்தியானப் பூசை முடிந்து வந்து, பிரசாதம் தந்து, என் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"எல்லாம் சுழியமாக் கிடக்கு. நீங்கள் என்னெண்டு கேட்டனீங்கள்?"

"உங்கள் வளவில் கூடு இருக்கிறதா என்று."

"அதுதானே!" ஐயர் தொடையில் தட்டிக்கொண்டார். "பிள்ளை, தன்ரை வளவிலை வல்லூறு இருக்கெண்டு இஞ்சை ஒருத்தரும் சொல்லமாட்டினம். வல்லூறு தான் குடியிருக்கிற வளவிலை குஞ்சு தூக்காது. அயலிலைதான் தூக்கும். அப்ப, கூடு இருக்கிற வீட்டுக்கு லாபம், பக்கத்து வீட்டுக்கு நட்டம். வெளியிலை சொன்னா அயல்சனமெல்லாம் கல்லோடை வந்திடும். ஆரும் சொல்லுவினமோ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படியென்றால் எங்கள் சார் எப்படி நாற்பத்தொன்று எண்ணினார்?"

"அவர் ஆள் வலு சுழியன், சரியான தந்திரக்காரன். முதல் கிழமை ஏழு நாளும் உங்களை மாதிரித்தான் கேட்டவர். கிடைக்கேல்லை. பிறகு, 'உங்கட பக்கத்து வளவிலை இருக்கோ?' எண்டு மாத்திக் கேட்டவர். சனம் அவிழ்த்துவிட்டுது! ஒரு கூட்டை நாலு பக்கத்து வீடும் காட்டிக்குடுத்தவை. இஞ்சை ஒரு வளவுக்கு நாலு பேர், பிள்ளை. காணிக்கு ஒரு பேர், வீட்டுக்காரனுக்கு ஒரு பேர், பெண்சாதிக்கு ஒரு பேர், பட்டப்பேர் வேற. அவர் எல்லாத்தையும் வேற வேற வளவெண்டு எழுதினவர். நான் சொன்னனான், 'சேர், ஒரு கூடு நாலு தரம் வருகுது' எண்டு. 'பரவாயில்லை ஐயர்' எண்டிட்டார்."

பரவாயில்லையாம்! என் ஆறு வருடமும் அந்தப் பரவாயில்லையின் மேலேதான் உட்கார்ந்திருந்தது. அதோடு முடிந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். ஐயர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"போகேக்கை அவர் ஒரு காரியம் செய்தவர். வேலணை வாசிகசாலையிலை கூட்டம் வைச்சு, ஊருக்கு நன்றி சொல்லுறன் எண்டு, எந்த வளவிலை கூடு இருக்கெண்டு அந்தப் பட்டியலை வாசிச்சார். நல்லெண்ணத்திலைதான். சனம் சிரிச்சுக்கொண்டு கேட்டது. பிறகு வீட்டை போய்க் கல்லெடுத்தது."

"தெரிந்த விஷயம்தானே ஐயா? அவர்கள்தானே காட்டிக்கொடுத்தவர்கள்?"

"தெரிஞ்சிருக்கிறது வேற, சபையிலை கேட்டது வேற. கேட்ட பிறகு சும்மா இருந்தா ரோசமில்லாதவன் எண்டல்லோ கதைப்பினம். அந்த முறை ஒரு கூடும் மிஞ்சேல்லை."

அன்று மாலையே வேலணைக்கு வள்ளம் ஏறினேன். கடல் தகடு போல அமைதியாகக் கிடந்தது. வாந்தி வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. எண்ணப் போனவரே அழித்திருக்கிறார். நானும் அதே நோட்டை எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

ஆறாம் நாள் காலை. சிவபாக்கியம் அக்கா தோட்டத்துக்குப் போயிருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவருடைய கோழி பத்துக் குஞ்சோடு என் காலருகே வந்து கிண்டியது. வெட்டவெளியில், பட்டப்பகலில், பயமே இல்லாமல். வேலிக்கு அப்பால் மகேஸ்வரி அக்காவின் குஞ்சுகள் கரப்புக்குள் கத்திக்கொண்டிருந்தன.

இந்த வீட்டில் கரப்பே இல்லை. ஐந்து நாளாக என் கண்ணில் படவில்லையே! பற்பொடி வாயோடு எழுந்து பின் கிணற்றடிக்கு ஓடினேன். பாம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிணற்றுக்கு மேலே ஒரு கிழட்டு வேம்பு. அதன் மேற்குக் கொப்பில் சுள்ளி அடுக்கிய கூடு. கூட்டு விளிம்புக்கு மேலே கோடு போட்ட வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் சிவந்த கண் என்னைப் பார்த்தது. ஆறு வருடமாக எத்தனையோ கூடு பார்த்தவள்தான். ஆனாலும் அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

"கண்டிட்டீரோ?"

பின்னால் அக்கா நின்றார். தலையில் புல்லுக் கட்டு, கையில் மண்வெட்டி. முகம் வெளிறியிருந்தது.

"கண்டுவிட்டேன் அக்கா."

"எழுதப் போறீரோ?" புல்லுக் கட்டைக் கீழே போட்டார். "முந்தி ஒருத்தர் வந்தவர். நான் கலியாணம் கட்டி வந்த புதிசு. வாசிகசாலையிலை எங்கட வளவின்ரை பேரை வாசிச்சவர். அடுத்த நாள் மகேஸ்வரியின்ரை அப்பர் கெற்றப்போலோடை வந்து வேலிக்கு மேலாலை கல்லை இழுத்து விட்டுக் கூட்டை விழுத்தினார். மூண்டு குஞ்சு, கிணத்துக்குள்ளை. அந்தத் தண்ணியை இறைச்சு ஊத்தினது நான். நாலு வருஷம் இரண்டு வீடும் கதை பேச்சில்லை. அவளும் நானும் ஒரே வகுப்பிலை படிச்சனாங்கள், தெரியுமோ? பிறகு எத்தினை வருஷம் கழிச்சு இது திரும்பி வந்தது. உமக்குப் பட்டம் வேணுமெண்டா எழுதும். நான் என்ன சொல்ல ஏலும்."

வாயில் பற்பொடி நுரை. பட்டமா, கூடா என்று நிதானமாக யோசித்ததாக எழுதினால் அழகாக இருக்கும். நான் யோசித்தது என் அம்மாவின் முகத்தை, நிரந்தரமாகாத வேலையை. அதற்குப் பிறகுதான் கிணற்றில் மிதந்த மூன்று குஞ்சுகளை. "எந்த வீட்டின் பெயரையும் எழுதமாட்டேன் அக்கா" என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. ஆனால் அன்று முதல் பின் கிணற்றில் குளிக்கவிட்டார்.

அன்றும் மறுநாளும் நான் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வெறுமனே தெருத் தெருவாக நடந்தேன். படலை இடுக்கில் பார்வையை விட்டுக்கொண்டே போனேன். கரப்புக்குள் குஞ்சு இருந்தால் மேலே நடந்தேன். குஞ்சுகள் முற்றத்தில் தாராளமாகத் திரிந்தால் நின்றேன். வெளியிலிருந்தே தொலைநோக்கியை அந்த வளவின் மரங்களுக்குத் திருப்பினேன். முதல் வீட்டில் இலுப்பையில் கூடு. இரண்டாவதில் மாமரத்தில். மூன்றாவதில் கூடு தெரியவில்லை, ஆனால் ஆண் வல்லூறு ஓணானைத் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. தன் வளவில் வல்லூறு வேட்டையாடுவதில்லை என்பதை நான் எங்கும் நிரூபித்ததில்லை. அந்த ஊர்க் கோழிகள் என்னைவிட உறுதியாக நம்பின. இரண்டு நாளில் நான் நடந்த தெருக்களில் மட்டும் பதினொரு வளவு. நோட்டில் எண்ணை மட்டும் எழுதினேன்.

நாற்பத்தொன்றை நாலால் வகுத்தால் பத்து. எனக்கு, ஒரு தீவின் சில தெருக்களிலேயே பதினொன்று. அப்படியானால் பெருகியிருக்கிறதா? அதையும் சொல்ல முடியாது. முதல் எண் பொய், நடுவில் கல்லெறி. கைக்கு வந்தது பதினொரு கூடு. இனி வருகிறவர்களுக்கு அது முதல் எண்ணாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் நாள் மத்தியானம் அக்கா, காய்ந்த பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார். நண்டும் இறாலும் பயற்றங்காயும் போட்டு, பிலாவிலையைக் கோலி, சுடச் சுட. கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய ஐந்து இலை குடித்தேன்.

ஊர் திரும்பியபின் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேராசிரியரிடம் நோட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னேன், வாசிகசாலைக் கூட்டம் உட்பட. மனுஷர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் கூப்பிட்டார். வரைபடத் தாளில் அந்தப் பென்சில் கோடு அழிக்கப்பட்டிருந்தது. "அந்த ஐயர் அப்பவே சொன்னார்" என்றார். ஆய்வேட்டைத் தலைப்பு முதற்கொண்டு மாற்றி எழுதியதில் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. வேலையும்தான். அம்மா ஒரு வருடம் திட்டினாள். திட்டட்டும்.

இனிக் கிளம்பிய நாளுக்கு வருகிறேன். எட்டாம் நாள் காலை பஸ்ஸுக்காக ஆலமரத்தடியில் நின்றேன். சிவபாக்கியம் அக்கா வீட்டு வாசலிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மகேஸ்வரி அக்கா மட்டும் ஓலைப் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்தபடி கூடவே வந்தார். உள்ளே பனங்கட்டி, எங்கள் ஊர்க் கருப்பட்டிதான். தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்ததும் என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நீர் படிச்சனீர். பொய் சொல்லமாட்டீர். உண்மையைச் சொல்லும். சிவபாக்கியத்தின்ரை வளவிலை வல்லூறு கூடு இருக்கோ, இல்லையோ?"

வாழ்நாளில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள் நான். "இல்லை அக்கா" என்றேன்.

"வடிவாப் பாத்தனீரோ?"

"மரம் மரமாகப் பார்த்தேன். ஒண்டும் இல்லை."

அவர் பனங்கட்டிப் பெட்டியை என் கையில் வைத்தார்.

"கிணத்தடி வேம்பிலை, மேற்குக் கொப்பிலை இருக்கு. சமைக்கேக்கை என்ரை குசினி யன்னலாலை பாத்தா நல்லாத் தெரியும். எனக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீர்?"

"பிறகு ஏன் அக்கா என்னிடம் கேட்டீர்கள்?"

"ஊரெல்லாம் பாத்து எழுதிக்கொண்டு போறீர். கேட்டா வாய் விடுற ஆளோ எண்டு பாத்தனான். நீர் ஓமெண்டு சொல்லியிருந்தா நான் கல்லெடுத்திருக்க வேணுமெல்லோ."

பஸ் வந்து நின்றது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வண்டி நகரத் தொடங்கியதும் மகேஸ்வரி அக்கா கூடவே நாலு எட்டு ஓடிவந்தார். கையால் வாயை மறைத்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவருக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"நேத்துத்தான் தலை தூக்கினது. குஞ்சு மூண்டு, பிள்ளை. அதையும் எண்ணிக்கொள்ளும்."